இரண்டு பங்கு எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு மாதிரி வினா விடை வந்திருந்தது. அதில் ஒரு கேள்வி: ஏ (−4, 7), பி (6, 2) என்ற இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டை 3:2 விகிதத்தில் உட்புறமாகப் பிரிக்கும் புள்ளி எது? விடை (2, 4) என்று சரியாகவே போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே கட்டம் கட்டி, இப்படிப் பிரிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கிற பிரிவுச் சூத்திரத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டால் மதிப்பெண் உறுதி என்று ஓர் அறிவுரையும் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற நில அளவர். 1981இல் வேலைக்குச் சேர்ந்து 2016இல் ஓய்வு பெறும் வரை முப்பத்தைந்து வருடம் வரப்பிலும் முள்காட்டிலும் சங்கிலி பிடித்தவன். ஒரு கோட்டை இன்ன விகிதத்தில் பிரித்துக் கல் நடு என்பதற்காகத்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஆகவே இந்தப் பாடத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவள் பள்ளித் தேர்விலும் இதே கணக்கு வந்திருக்கிறது, எண்கள்கூட இவையேதான். அவள் சூத்திரம் எழுதவில்லை. ஏயிலிருந்து பிக்குப் போக வலப்பக்கம் பத்து, கீழே ஐந்து. மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து பங்கு. ஒரு பங்குக்கு வலப்பக்கம் இரண்டு, கீழே ஒன்று. மூன்று பங்கு தூரம் நடந்தால் வலப்பக்கம் ஆறு, கீழே மூன்று. −4 உடன் 6 சேர்ந்தால் 2, ஏழில் மூன்று போனால் 4. இப்படி எழுதி (2, 4) என்று முடித்திருக்கிறாள். இரண்டு மதிப்பெண்ணில் ஒன்றுதான் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘சூத்திரம் எங்கே?’ என்று எழுதியிருந்தது. “அப்புச்சி, விடை சரிதானே?” என்று தாளை நீட்டினாள். சரிதான் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறவருக்கு விடைக்குறிப்பில் உள்ளதுதான் வழி. ஆனால் பேத்தியின் பக்கத்தில் உட்காரும் தோழி சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு, மூன்று போட வேண்டிய இடத்தில் இரண்டையும் இரண்டு போட வேண்டிய இடத்தில் மூன்றையும் போட்டு (0, 5) என்று விடை எழுதியிருக்கிறாள். சூத்திரத்துக்கு உண்டான ஒரு மதிப்பெண் அவளுக்கும் கிடைத்திருக்கிறது. கணக்கைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கும் ஒன்று, எண்ணை மாற்றிப் போட்ட பிள்ளைக்கும் ஒன்று.

(0, 5) என்ற அந்த விடையைச் சற்றுப் பாருங்கள். எவ்வளவு சுத்தமான எண்கள்! பின்னம் இல்லை, தசமம் இல்லை. தப்பு என்று சந்தேகம் வரவே வராது. அந்தப் புள்ளி கோட்டின் மேலேயே கிடக்கிறது, ஆனால் ஏயிலிருந்து இரண்டு பங்கில் நிற்கிறது. அதாவது 2:3. கோட்டின் நடுப்புள்ளி (1, 4.5). மூன்று பங்கு ஏ பக்கம் இருக்க வேண்டுமென்றால் புள்ளி நடுவைத் தாண்டிப் பி பக்கம் போயிருக்க வேண்டும். (0, 5) நடுவுக்கு முன்பே நின்றுவிட்டது. இந்த ஒரு பார்வை போதும், தப்பைப் பிடித்துவிடலாம். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்தப் பார்வையை யாரும் சொல்லித் தருவதில்லை. சூத்திரத்தில் விகிதத்தின் இரண்டு எண்களைக் குறிக்கும் ‘எம்’மும் ‘என்’னும் இடம் மாறிவிடக் கூடாது என்று மட்டும் சொல்கிறார்கள். ஏன் மாறக்கூடாது, மாறினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான் மாற்றியிருக்கிறேன்.

1983ஆம் வருடம், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு முக்கோண நிலம், உட்பிரிவு செய்ய மனு வந்திருந்தது. ஒரு மூலையில் பங்குக் கிணறு. அதற்கு எதிர்ப்பக்கம் முழுக்க வாய்க்கால். வாய்க்கால் ஓரத்தின் ஒரு முனையில் மதகு, இன்னொரு முனையில் பெரிய புளியமரம். மூன்று அண்ணன் தம்பிகளின் நிலம் அது. மூத்தவர் நடுத்தம்பியின் பங்கைக் கிரயம் வாங்கியிருந்தார். அப்புறம் காலமாகிவிட்டார். ஆகவே அவர் மனைவிக்கு இரண்டு பங்கு, கடைசித் தம்பிக்கு ஒரு பங்கு. இருவருக்கும் கிணற்றில் இறங்க வழி வேண்டும், இருவருக்கும் வாய்க்கால் தண்ணீர் வேண்டும். அதற்கு ஒரே வழிதான். கிணற்று மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு வாய்க்கால் ஓரத்தைத் தொடும் இடம் 2:1 ஆக இருக்க வேண்டும்.

எண்களை வட்டமாக்கிச் சொல்கிறேன். அப்போது எங்களிடம் இருந்தது 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி உள்ளது. ஒரு கண்ணியை லிங்க் என்போம். வாய்க்கால் ஓரம் 600 லிங்க். அதிலிருந்து கிணற்று மூலைக்குச் செங்குத்தாக 500 லிங்க். பாதி அடிப்பக்கம் பெருக்கல் உயரம், ஒன்றரை லட்சம் சதுர லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், லட்சம் சதுர லிங்க் ஓர் ஏக்கர். ஆக மொத்தம் ஒன்றரை ஏக்கர். அந்த அம்மாவுக்கு ஓர் ஏக்கர், கொழுந்தனாருக்கு ஐம்பது சென்ட். 600 லிங்கை 400, 200 என்று பிரித்தால் முடிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள இரண்டு முக்கோணத்துக்கும் உச்சி ஒன்றுதான், கிணற்று மூலை. உயரமும் ஒன்றே. உயரம் ஒன்றாக இருந்தால் பரப்பு அடிப்பக்கத்தின் விகிதத்திலேயே போகும். யூக்ளிட் தன் நூலின் ஆறாம் புத்தகத்தைத் தொடங்குவதே இந்த உண்மையோடுதான்.

காகிதத்தில் எல்லாம் சரி. மனுவில் அந்த அம்மாவின் பெயர் முதலில், அதனால் 2:1. அவர் பங்கு மதகுப் பக்கம். நான் போய் நின்றது புளியமரப் பக்கம், ஏனென்றால் அங்கேதான் பழைய எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்தே சங்கிலியை இழுக்கச் சொல்லி 400 லிங்கில் முளை அடித்து, சாயங்காலத்துக்குள் கல்லையும் நட்டுவிட்டேன். செயின்மேனும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேலை சங்கிலி இழுப்பது. எந்த முனையிலிருந்து இழுப்பது என்பது என் வேலை.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த ஆத்தா வரப்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, சண்டை போடும் குரலில் இல்லாமல், மெதுவாகத்தான் கேட்டார்: “ஏனுங்க தம்பி, நான் நடந்து பார்த்தேனுங்க. மதகிலிருந்து உங்க கல்லு வரைக்கும் எம்பது எட்டு வருது. கல்லிலிருந்து புளியமரத்துக்கு நூத்தி அறுவது எட்டு வருது. ரெண்டு பங்கு யாருக்குங்க?”

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பள்ளிக்கூடமே போகாத ஒருவர் இரண்டு முறை நடந்து, இரண்டு எண்ணை ஒப்பிட்டு, என் தப்பைப் பிடித்துவிட்டார். சங்கிலியை மறுபடி இழுத்து, மதகிலிருந்து 400 லிங்கில் கல்லை மாற்றி நட்டேன். ஒரு ராத்திரிதான் அந்தக் கல் தப்பான இடத்தில் நின்றது. ஆத்தா நடந்து பார்க்காமல் இருந்திருந்தால் அவருடைய ஓர் ஏக்கர் ஐம்பது சென்ட் ஆகியிருக்கும். நில எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தில் ஏறிவிட்டால் அதை மாற்ற எத்தனை வருடம் அலைய வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மேல் இருந்த மூத்த சர்வேயரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “விகிதத்தை எழுதும்போது எந்த முனையிலிருந்து என்பதையும் பக்கத்திலேயே எழுது” என்றார். அதற்கப்புறம் என் பாக்கெட் நோட்டில் வெறும் 2:1 என்று எழுதியதே இல்லை. மதகிலிருந்து 2, புளியமரத்திலிருந்து 1 என்றுதான் எழுதினேன். கடைசி நாள் வரை.

பிரிவுச் சூத்திரத்தில் பிள்ளைகளைக் குழப்புவது எது என்று யோசித்தேன். ஏ பக்கத்துத் தூரம் மூன்று, பி பக்கத்துத் தூரம் இரண்டு என்கிறோம். ஆனால் சூத்திரத்தில் மூன்றைக் கொண்டுபோய்ப் பியின் எண்ணோடு பெருக்கச் சொல்கிறோம், இரண்டை ஏயின் எண்ணோடு. பிறகு இரண்டையும் கூட்டி ஐந்தால் வகுக்கச் சொல்கிறோம். குறுக்காகப் பெருக்கு என்கிறோம். ஏன் குறுக்காக? காரணம் சொல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் நேராகத்தான் பெருக்கும். அது இயல்பான தப்பு.

நான் பேத்திக்குச் சொன்னது இதுதான். ஒரு கம்பில் தண்ணீர்ப் பானையைத் தொங்கவிட்டு இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தோளில் சுமக்கிறார்கள். பானை நடுவில் தொங்கினால் இருவருக்கும் சமபாரம். பானை பின்னால் வருகிறவரை நோக்கி நகர்ந்தால் அவர் தோள்தான் அழுந்தும், முன்னால் போகிறவருக்கு இலேசாகிவிடும். முன்னவரிடமிருந்து மூன்று முழமும் பின்னவரிடமிருந்து இரண்டு முழமும் தள்ளிப் பானை தொங்கினால், பாரத்தை ஐந்து பங்காக்கி அதில் மூன்று பங்கைப் பின்னவர் சுமக்கிறார், இரண்டு பங்கை முன்னவர் சுமக்கிறார். தூரம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் பாரம் கூடுதல். சூத்திரத்தில் நாம் பெருக்குகிற எண் தூரம் அல்ல, பாரம். மூன்று பங்கு பாரம் பியின் தோளில், அதனால் மூன்றைப் பியோடு பெருக்குகிறோம். வீட்டில் ஒரு துடைப்பக்குச்சியில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு நானும் அவளும் இரண்டு விரலால் தாங்கிப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவள் சூத்திரத்தை மாற்றி எழுதியதே இல்லை. எழுதினாலும் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் நடந்து போட்ட கணக்கும் இந்தச் சூத்திரமும் வேறு வேறு அல்ல. ஏயில் தொடங்கி, ஏக்கும் பிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் மூன்று பங்கைக் கூட்டு என்பதுதான் நடை. அதை ஒரே பின்னமாக எழுதிச் சுருக்கினால் சூத்திரம் வந்துவிடும். இரண்டு வரி வேலை. அந்த இரண்டு வரியைக் கரும்பலகையில் போட்டுவிட்டுச் சூத்திரத்தைச் சொன்னால் மனப்பாடமே தேவைப்படாது.

இந்தப் பாடம் வெறும் ஒரு கேள்விக்கானது என்று நினைக்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

சங்கிலி தேயும். வளையங்களும் கண்ணிகளும் இழுபட்டு நாளாக நாளாக நீளும். பழைய புலப்படத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே 840 லிங்க் என்று இருக்கும், தரையில் போட்டுப் பார்த்தால் 846 வரும். நடுவில் 280 லிங்கில் இருந்த கல் காணாமல் போயிருக்கும். அதைத் திரும்ப நட வேண்டும். 280இல் நடுவதா? அப்படி நட்டால் ஆறு லிங்க் வித்தியாசம் முழுவதும் ஒரே பக்கத்துக்காரருக்குப் போய்விடும். ஆறு லிங்க் என்பது கிட்டத்தட்ட நான்கடி. இரண்டு பக்கமும் நியாயம் வேண்டுமென்றால் 840இல் 280 என்பது மூன்றில் ஒன்று, ஆகவே 846இல் மூன்றில் ஒன்றான 282இல் நட வேண்டும். பழைய எண்ணை விட்டுவிட்டுப் பழைய விகிதத்தைக் காப்பாற்றுகிறோம். வரப்புத் தகராறில் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது, வெட்டுக் கத்தியோடு வந்தவர்கள்கூட உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

விகிதம் தெரியாமல் ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு முக்கோண நிலம், இரண்டு சகோதரர்கள். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வண்டிப்பாதை, இரண்டும் ஒரு முனையில் சேர்கின்றன. இருவருக்கும் தண்ணீரும் பாதையும் வேண்டும் என்று, வாய்க்காலின் நடுவையும் பாதையின் நடுவையும் கயிற்றால் இணைத்து வரப்புப் போட்டுவிட்டார்கள். நடுவில்தானே பிரித்தோம், சரிபாதிதானே என்று ஆறு வருடம் பயிர் செய்தார்கள். முனைப்பக்கம் வாங்கிய தம்பிக்கு விளைச்சல் கட்டவே இல்லை. மண் சரியில்லை என்று ஏரி வண்டலெல்லாம் அடித்துப் பார்த்தார். அளந்தால், அவர் கையில் இருந்தது கால் பாகம்தான், அண்ணனிடம் முக்கால் பாகம். பக்கத்தைப் பாதியில் வெட்டினால் நீளமும் பாதி, அகலமும் பாதி, பரப்பு பாதியில் பாதி. சரிபாதி வேண்டுமென்றால் முனையிலிருந்து பக்கத்தின் பத்தில் ஏழு பங்குக்குச் சற்று மேலே போய் வெட்ட வேண்டும். ஏழேழு நாற்பத்தொன்பது, நூறில் நாற்பத்தொன்பது என்று நான் விரல் விட்டுச் சொன்னபோது அந்த அண்ணன் தலை குனிந்துவிட்டார். அவர் தெரிந்து செய்யவில்லை. இருவருக்குமே தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணங்களின் பரப்பு விகிதம் பக்கங்களின் வர்க்க விகிதம் என்று படிக்கிறோமே, அதுதான் இது. இருவருமே பத்தாம் வகுப்பு படித்தவர்கள்.

பத்தாம் வகுப்பு என்றதும் செய்முறை வடிவியல் நினைவுக்கு வருகிறது. பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண். வடிவொத்த முக்கோணம் வரைய, அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து குறுங்கோணத்தில் ஒரு கதிர் இழுத்து, கவராயத்தால் சமதூரத்தில் புள்ளிகள் வைத்து, ஒன்றை அடுத்த முனையோடு சேர்த்து, அதற்கு இணையாக இன்னொரு கோடு போடச் சொல்வார்கள். கோட்டுத்துண்டை விகிதத்தில் பிரிக்கும் வேலை, கணக்கே போடாமல். எத்தனையோ பிள்ளைகள் இதைக் கோலம் போடுவது போலப் படிகளை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருக்கிறார். ஏழு அங்குலப் பலகையை நான்கு சமமான ரீப்பராக அறுக்க வேண்டுமென்றால் ஏழை நான்கால் வகுக்கமாட்டார். அளவுகோலைப் பலகையின் மேல் சாய்த்து வைப்பார், ஒரு விளிம்பில் சைபரும் எதிர் விளிம்பில் எட்டும் வரும்படி. அப்புறம் இரண்டு, நான்கு, ஆறு என்ற இடங்களில் பென்சிலால் புள்ளி வைப்பார், அவ்வளவுதான். பலகை ஏழரை அங்குலமாக இருந்தாலும் இதே எட்டுதான், சாய்வு மட்டும் மாறும். பலகையின் விளிம்புகள் இணைகோடுகள், இணைகோடுகள் எந்தக் குறுக்குக்கோட்டையும் ஒரே விகிதத்தில்தான் வெட்டும். பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம் என்று இதற்குப் பெயர். அவர் அதைத் தன் தகப்பனாரிடம் கற்றார். அந்தத் தச்சரை ஒரு நாள் வகுப்பறைக்கு அழைத்து, சாய்த்த அளவுகோலைக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் கவராயத்தை ஏன் எடுக்கிறோம் என்று புரிந்துகொண்டு எடுப்பார்கள்.

இப்போது சங்கிலி கிடையாது, டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் என்ற மின்னணு அளவைக் கருவிகள் வந்துவிட்டன, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் இப்போதுதான் பிரிவுச் சூத்திரம் அப்படியே தேவைப்படுகிறது. நாங்கள் லிங்க் எண்ணினோம். இன்றைய பிள்ளைகளுக்குக் கருவி ஒவ்வொரு கல்லுக்கும் கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர் என்று இரண்டு எண்ணாகத்தான் கொடுக்கிறது. அந்த ஆத்தாவின் வாய்க்கால் ஓரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மதகுக் கல் (100, 200), புளியமரக் கல் (220, 185) என்று வைத்துக்கொண்டால், நடுவில் உள்ள தூரம் ஏறக்குறைய 121 மீட்டர், அதே ஆறு சங்கிலி. மதகிலிருந்து 2:1 என்றால் கிழக்கே 120இல் மூன்றில் இரண்டு, 80. தெற்கே 15இல் மூன்றில் இரண்டு, 10. கல் (180, 190)இல். மாற்றிப் போட்டால் (140, 195). இரண்டுமே சுத்தமான எண்கள். கருவி இரண்டு இடத்தையும் சென்டிமீட்டர் சுத்தமாகக் காட்டும். எது நியாயமான இடம் என்று அதற்குத் தெரியாது. எண்ணை உள்ளே போடுகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பங்குகளின் எண்ணிக்கையும் முன்பு மாதிரி இல்லை. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் சட்டம் திருத்தப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மனுக்களில் ஆண் பெயர்கள்தான். பிற்காலத்தில் அக்கா தங்கை பெயர்களும் வரத் தொடங்கின. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு முறை அண்ணன், தம்பி, தங்கை மூவர், முக்கோண நிலம், மூவருக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தது, நடுவில் பொதுவாக ஆழ்துளைக் கிணறு போடலாம் என்றார்கள். மூன்று மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்தால் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும். ஒவ்வொரு கோட்டையும் அந்த இடம் மூலையிலிருந்து 2:1 ஆகப் பிரிக்கும். நடுக்கோட்டு மையம் என்று ஒன்பதாம் வகுப்பில் அதே பாடத்தில்தான் வருகிறது. அங்கிருந்து மூன்று மூலைக்கும் வரப்புப் போட்டால் மூவருக்கும் துல்லியமாகச் சமபங்கு. முளை அடித்துக் காட்டினேன். அந்தத் தங்கை மையத்தில் நின்று மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. போர் போட்டது கடைசியில் நாற்பதடி தள்ளித்தான், தண்ணீர் அங்கேதான் கிடைத்தது. பங்கு மட்டும் அந்த முளைப்படியே நின்றது.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. பாடத்திட்டம் அப்படியே இருக்கட்டும், சூத்திரமும் இருக்கட்டும். நடந்து விடை கண்ட பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். உங்கள் மாணவர் இணைப்பிலும் அந்தக் கட்டத்துக்குப் பதிலாக, புள்ளி எந்த முனைக்கு அருகில் விழ வேண்டும் என்று முதலில் யோசியுங்கள் என்று ஒரு வரி போடலாம். அப்புறம் அந்தப் பாடம் நடத்தும்போது ஒரே ஒரு பாடவேளை பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். இரண்டு முளை அடித்து, ஒரு கயிறு கட்டி, 3:2இல் ஒரு பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து நிற்கட்டும். பிறகு அடி எண்ணிச் சரிபார்க்கட்டும். பிறகு சூத்திரத்தால் பார்க்கட்டும். சென்னையில் 1794இல் நில அளவை கற்பிக்கத் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. பொறியியல் படிப்பே நம் ஊரில் அளவைச் சங்கிலியோடுதான் ஆரம்பித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் கயிறு பிடிப்பதில் யாருக்கும் நேரம் வீணாகாது.

கயிறும் முளைகளும் என்னிடமே இருக்கின்றன. 66 அடிச் சங்கிலி ஒன்றும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பழனி வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருகிறேன், ஒரு பைசா வேண்டாம். காலை ஏழரைக்கெல்லாம் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
பழனி வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.